இரண்டாவதாகப் போகிறவர்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என்னைக் கேட்டால் தானமாக வந்த மாட்டைத்தான் முதலில் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும். காசு கொடுத்து வாங்கும்போது விற்கிறவனுடைய லாபம் எது என்று நமக்குத் தெரியும். சும்மா கொடுக்கிறவனுடைய லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்தப் புத்தி எனக்குப் பிறவியிலேயே வந்தது. கல்லாவியில் என் அம்மா வீட்டில், "இவ தாய்ப்பாலையே மோந்து பாத்துட்டுக் குடிச்சவ" என்று கேலி செய்வார்கள்.

அதனால் எங்கள் ஊர் பஞ்சாயத்து போர்டு ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் எழும்பியபோது, ஊர் வாயைப் பிளந்து பார்த்தது; நான் கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நான் வாழ்க்கைப்பட்ட ஊர் ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகிற சாலையில் இருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் தாலுகா மெட்ராஸ் பக்கமா மைசூர் பக்கமா என்று கடைக்குக் கடை பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் இவ்வளவு செலவு செய்து ஒரு கட்டடம் கட்டுகிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன்.

கட்டடமே சந்தேகத்துக்கு இடமானதுதான். எங்கள் பக்கத்தில் வீடுகள் எல்லாம் கல். சுவர் கல், வேலி கல், பல வீடுகளுக்குக் கூரையும் கல் பலகைதான். எதை எது தாங்குகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். இதற்கோ தலைக்கு மேல் தூலம் இல்லை, ஓடு இல்லை. கம்பியைப் பின்னி அதன்மேல் சிமெண்டைக் கொட்டினார்கள். காய்ந்த பிறகு கீழே முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். கூரை அந்தரத்தில் நின்றது. என்ன தைரியத்தில் நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

கட்டடத்தோடு வந்த வசதிகள் அதைவிட அதிசயம். வாசலில் ஒரு பித்தளைக் குழாய்; திருகினால் தண்ணீர். ஒரு அறையில் பத்திரிகை படிக்க நீளமான மேஜை. இன்னொரு அறையில் பேட்டரியில் ஓடுகிற ரேடியோ. அதன் வாய் மட்டும் கூரையின் மேல் ஊமத்தம்பூ மாதிரி விரிந்திருக்கும். பெங்களூர் நிலையம் தெளிவாகக் கேட்கும், திருச்சி கரகரக்கும். மாலையானால் ஊர் ஆண்கள் அதைக் கேட்கக் கூடுவார்கள். ஆனால் காம்பவுண்டுக்குள் போக மாட்டார்கள், சாலைக்கு எதிர்ப்புறம் புளியமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள். கூரை விழுந்தால் தங்கள் தலையில் விழக் கூடாதாம். குழாய்த் தண்ணீரில் ஏதோ மருந்து வாசனை வருகிறது, அதில் துவரம்பருப்பு வேகவில்லை என்று நான் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்டுத் தெரு முழுக்க அதையே சொல்லிற்று.

இதெல்லாம் எனக்கு வெறும் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாதது கிழக்குக் கோடி அறை. அது பிரசவத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். அதற்கென்று ஒரு நர்சம்மாவையும் நியமித்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என் வயதுதான் இருக்கும்.

அப்போது நான் கர்ப்பமாக இருந்தேன். இரண்டாவது கர்ப்பம். முதல் பிரசவம் வழக்கப்படி கல்லாவியில் அம்மா வீட்டில் நடந்தது. மருத்துவச்சி வந்தாள், எண்ணெய் தடவினாள், ஏதேதோ செய்தாள். பிள்ளை பிறந்தது. ஆனால் அழவில்லை. ஆண் பிள்ளை என்று சொன்னார்கள். முகத்தைக்கூட எனக்குச் சரியாகக் காட்டவில்லை. மாரில் பால் கட்டிக்கொண்டு, வெறுங்கையோடு புருஷன் வீட்டுக்கு பஸ் ஏறி வந்தேன். முதல் பிரசவம் தாய் வீட்டுக்கு, அடுத்தது புருஷன் வீட்டுக்கு என்பது எங்கள் முறை. இந்தத் தடவையும் வெறுங்கை என்றால் நான் பிழைத்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அழுகிற பிள்ளை. அதை வீட்டு அறையில் பெறுவதா, அந்த அந்தரக் கூரைக்குக் கீழே பெறுவதா என்பதுதான் என் முன்னால் இருந்த கேள்வி.

திறப்பு விழா நடந்த விதம் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் சொல்லிவிட்டது. புதுக் கட்டடத்துக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் என்று ஒரு வெள்ளைப் பசுவுக்கு மஞ்சள் பூசி, கொம்பில் பூச்சுற்றிக் கொண்டுவந்தார்கள். படியையும் தரையையும் சிவப்புச் சிமெண்டில் முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்து மெழுகியிருந்தார்கள். பசு முதல் படியில் காலை வைத்தது. வழுக்கியது. காலை எடுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து யாரோ ரேடியோவைச் சோதித்துப் பார்க்க, அது கீச்சென்று கத்தியது. பசு கயிற்றைப் பறித்துக்கொண்டு, புதிதாக வைத்திருந்த ரோஜாச் செடிகளை மிதித்துச் சாலைக்கு ஓடிவிட்டது. வந்திருந்த அதிகாரிக்கு அடுத்த ஊரில் வேறொரு விழா. சிரித்துக்கொண்டே ரிப்பனை வெட்டினார். கல்கண்டு கொடுத்தார்கள். பசுவைத் திரும்பக் கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே பேச்சு கிளம்பிவிட்டது. பசு ஏறாத கட்டடம் முதல் உயிரைக் கேட்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஆற்றில் அணை வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அணை நிற்பதற்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று தலையும் வாலும் இல்லாத வதந்தி ஒன்று ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தது. கோணி தூக்கிக்கொண்டு யார் தெருவில் வந்தாலும் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போடுவார்கள். அவ்வளவு பெரிய அணைக்கு அத்தனை வேண்டும் என்றால் இந்தச் சின்னக் கட்டடத்துக்கு ஒன்றாவது வேண்டாமா? அதுவும் உயிர் பிறக்கிற அறையை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் கட்டடம்!

இதில் ஒரு விசித்திரம். பிரசவ அறை வேண்டாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஒரே மாதம். அவளைக் கேட்டேன்.

"போவாம இன்னா? கட்டிலு கீது, நர்சு கீது. மொதல்ல யாராச்சும் போயிட்டு வரட்டும். ரெண்டாவதா நான் போறேன்" என்றாள்.

கர்ப்பிணிகள் எல்லாரும் இதையே சொன்னார்கள். இரண்டாவதாகப் போக ஊரில் பெரிய வரிசையே இருந்தது. முதல் இடம்தான் காலி. ஒவ்வொருத்தியாக வீட்டிலேயே பெற்றுக்கொண்டு, "ஐயோ, நான் போலாம்னுதான் இருந்தேன்" என்று வருத்தப்பட்டார்கள். நர்சம்மா தினமும் அறையைத் திறந்து, பெருக்கி, கட்டிலில் வெள்ளைத் துணியை விரித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் போர்டு மெம்பர். அதுதான் என் தலையெழுத்து. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேழ்வரகுக் களியை உருட்டியபடியே சொன்னார்.

"மெம்பர் ஊட்லருந்தே வரலைன்னா ஊரு எப்படி வரும்னு பிரசிடெண்டு கேக்கறாரு."

"பிரசிடெண்டு ஊட்ல பொம்பளைங்க இல்லியா?"

"அவங்களுக்கெல்லாம் வயசாயிடுச்சி."

"அப்ப உங்க மெம்பர் வேலைக்கு நான் பலியா?"

 அவர் கையில் களி பாதியில் நின்றது. நல்ல மனிதர், யார் எதைச் சொன்னாலும் நம்புகிறவர். நம்புகிறவர்களோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம். அவர்கள் பங்குக்கும் சேர்த்து நாம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

மறுவாரம் நர்சம்மா தோல் பையோடு வீட்டுக்கே வந்தாள். என் கண் இமையை இழுத்துப் பார்த்தாள், காலில் விரலை அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்த்தாள், வயிற்றைத் தடவிப் பார்த்தாள். சந்தையில் ஆட்டைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு.

"ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. கீரை நல்லா சாப்பிடணும். வலி கண்டதும் அங்கன வந்திரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"இதுவரைக்கும் எத்தினி பேரு வந்தாங்க?"

"வருவாவ, வருவாவ" என்று சொல்லிப் பையை மூடினாள். நேராகப் பதில் சொல்லாதவர்களை நான் அன்றும் நம்பியதில்லை, இன்றும் நம்புவதில்லை.

இவர்கள் எல்லாரையும்விட என்னைக் கலவரப்படுத்தியவர் என் மாமியார். உப்பு முதல் ஊர் வம்பு வரை எல்லாவற்றிலும் அபிப்பிராயம் உள்ளவர். வீட்டில் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவார். பாசம் வந்தால் எந்த மொழி என்று எனக்கு அதுவரை தெரியவில்லை. அப்படிப்பட்டவர் பிரசவ அறை விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நானும் அவர் மகனும் சண்டை போடும்போது எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார்.

கொட்டகையில் அவருடைய ஆடு இருந்தது. செம்மறி இல்லை, வெள்ளாடு. செவலை நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. அதுவும் அப்போது சினையாக இருந்தது, முதல் சினை. அகத்திக் கீரை, அவரைத் தோல், கழுநீரில் கரைத்த தவிடு என்று பார்த்துப் பார்த்துப் போடுவார். கற்றாழை நார்க் கயிறு கழுத்தை அறுக்கிறது என்று என்னுடைய பழைய பச்சைப் புடவையை என்னைக் கேட்காமல் கிழித்து, கயிற்றோடு சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார். அதற்காக நான் ஒருநாள் முழுக்கச் சண்டை போட்டேன். புடவை பெரிதில்லை. எனக்கும் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஆனால் ஆட்டிடம் பேசிய அளவு என்னிடம் பேசவில்லை. என்னையும் ஆட்டையும் அவர் மாறி மாறிப் பார்ப்பதை நான் பலமுறை கவனித்தேன்.

ஒரு மத்தியானம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் போர்டு ஆபீஸுக்குப் போனேன். கிழக்குக் கோடி அறையின் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். இரும்புக் கட்டில், எனாமல் பேசின், மூலையில் ஒரு வாளி. கூரையின் நடுவில், கட்டிலுக்கு நேர் மேலே, கெட்டியான ஒரு இரும்புக் கொக்கி.  பிள்ளை பெறுகிற அறையில் கொக்கி எதற்கு? நர்சம்மா பின்னால் வந்து நின்றாள்.

"பெட்ரோமாக்ஸ் மாட்ட" என்று சொன்னாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறாளே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன்.

அதற்கடுத்த சந்தை நாளில் மாமியார் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார். ஊரில் பாதிப் பேர் சந்தையில் இருந்த நேரம். திரும்பி வரும்போது தனியாக வந்தார். புழக்கடையில் நின்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். கட்டியிருந்த புடவையையும் அப்போதே அலசிப் போட்டார்.

"ஆடு எங்க அத்தை?"

"இல்ல."

"சினை ஆட்டையா வித்துட்டீங்க?"

தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. உயிருக்கு உயிராக வளர்த்த ஆட்டை, குட்டி போடப் போகிற நேரத்தில் ஏன் விற்க வேண்டும்? விற்றதற்காக ஏன் அழ வேண்டும்? அவர் அழுததைச் சுவர்ப் பக்கம் திரும்பி மறைத்தார். என் கண்ணுக்கு மறையுமா?

மறுநாளிலிருந்து இன்னொரு வேலை தொடங்கியது. சாயங்காலம் ஆனால் சொம்பில் பால் ஊற்றி, முந்தானையில் மூடி எங்கோ எடுத்துக்கொண்டு போனார். ஒருநாள் தெருமுனை வரை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். போர்டு ஆபீஸின் பின்பக்கச் சந்தில் திரும்பினார். அங்கேதான் ஆபீஸ் பியூனின் வீடு இருந்தது.

அந்த வாரமே ஊரில் இன்னொரு பேச்சு. சந்தை நாளன்று பிரசவ அறையை ஃபினாயில் ஊற்றி ஊற்றிக் கழுவினார்களாம். பியூன் கனமான கோணி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஏரிப் பக்கம் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். கட்டடம் எடுத்துக்கொண்டுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். யாரை என்றுதான் தெரியவில்லை. ஊர்க் கர்ப்பிணிகள் எல்லாரும் வீட்டில் பத்திரமாக இருந்தோம். தேன்கனிக்கோட்டைக் காட்டுப் பக்கத்திலிருந்து யாரோ வழிப்போக்குப் பெண் வந்திருப்பாள், பாவம் என்று பேசிக்கொண்டார்கள். பாவம் என்று சொன்ன குரலில் நிம்மதியும் கலந்திருந்தது.

எனக்கு நிம்மதி போயிற்று. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். நர்சம்மாவுக்கு ஒரு கேஸ் வேண்டும். புருஷனுக்குப் பேர் வேண்டும். மாமியார் போர்டு ஆபீஸ் பின்சந்தில் பால் கொடுத்து யாரோடோ பேசிவிட்டு வருகிறார். மூன்று பேரும் சேர்ந்து என்னை அந்த அறைக்கு நேர்ந்துவிட்டார்கள் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வழக்கமாவது ஒன்றாவது, கல்லாவிக்கே போய்விடுகிறேன் என்று துணியை மூட்டை கட்டினேன். விடிந்ததும் பஸ் ஏற்றிவிடும்படி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வலி எடுத்துவிட்டது. கணக்குப்படி இன்னும் நாள் இருந்தது.

ஊர் மருத்துவச்சியை அழைத்து வந்தார்கள். மத்தியானம் வரை பார்த்தாள். பிறகு கையை வயிற்றின் மேல் வைத்தபடியே அசையாமல் இருந்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். கல்லாவியில் மருத்துவச்சியின் முகம் இப்படித்தான் மாறியது.

"புள்ள திரும்பி நிக்குது. காலுதான் முன்னாடி வரும் போல. என் கையில இல்ல" என்று மாமியாரிடம் சொன்னாள்.

ஓசூருக்குப் போகிற பஸ் இனி சாயங்காலம்தான். மாமியார் எழுந்து முந்தானையைச் செருகினார்.

"வண்டியக் கட்றா. போர்டு ஆபீசுக்கு."

வழியெல்லாம் வண்டியில் நான் கத்திக்கொண்டு வந்தேன். வலிக்காகப் பாதி, பயத்துக்காகப் பாதி. படிக்குக் கீழே இறக்கியதும் வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எதிர்ப்புறம் புளியமரத்தடியில் ரேடியோவுக்கு நேரத்திலேயே வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை.

"மொத ஆளா நான் போவ மாட்டேன் அத்தை. என்னைக் கொன்னாலும் போவ மாட்டேன்."

அவர் என் முகத்துக்கு நேரே வந்து மெதுவாகச் சொன்னார். "நீ மொத ஆளு இல்ல. மொதல்ல ஏற வேண்டியது ஏறியாச்சு."

"யாரு?"

"ஏறு."

பொய் சொல்கிற முகம் எனக்குத் தெரியும். ஆயுசு முழுக்க அதைத்தானே படித்துக்கொண்டிருக்கிறேன். வலியிலும் அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். அது பொய் முகம் இல்லை. தூணை விட்டேன். அவர் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். படி வழுக்கத்தான் செய்தது.

நர்சம்மா என்னென்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. கொக்கியில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது மட்டும் நினைவிருக்கிறது. மாமியாரை வெளியே போய் இருக்கச் சொன்னாள். அவர் நகரவில்லை. மறுபடி சொன்னாள், கத்தினாள். அவர் என் மணிக்கட்டை விடவே இல்லை. பேரப்பிள்ளையை முதலில் பார்த்துவிட வேண்டும் என்று நிற்கிறார் என்று அந்த வலியிலும் நினைத்துக்கொண்டேன். வெளியே ரேடியோவில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பாட்டு நின்றது. ரேடியோவை ஏன் நிறுத்தினாய் என்று புளியமரத்தடியில் கூச்சல் கிளம்பியது. "என் பொண்டாட்டி உள்ள இருக்கா. எனக்கு ஒண்ணும் கேக்கலை. கம்முனு இருங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்துவது கேட்டது. குரலை உயர்த்தியே அறியாத மனிதர். கூட்டம் அடங்கிவிட்டது. அந்தச் சாலையே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது.

பிள்ளை அழுதது.

"பொட்டப் புள்ள. கேட்டியா சத்தத்த?" என்றாள் நர்சம்மா.

"இன்னொரு தரம் அழச் சொல்லுங்க" என்றேன்.

நர்சம்மா சிரித்துவிட்டு உள்ளங்காலில் சுண்டினாள். மறுபடியும் அழுதது. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஆண்கள் ஏதோ ஆரவாரம் செய்தார்கள். எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. மார்மேல் போட்டு, அந்தச் சூடு என் தோலில் பட்டு, காதுக்கு அருகில் மூன்றாவது முறையாக அழுத பிறகுதான் நானும் அழுதேன்.

மறுநாள் காலை வெளிச்சத்தில் கண்ணை ஓட்டினேன். பழக்கம் போகாதே. கட்டிலின் கால்மாட்டில், இரும்புக் காலில் ஒரு துண்டுக் கயிறு முடிச்சோடு கிடந்தது. யாரோ அவிழ்க்க முடியாமல் அறுத்துவிட்டுப் போன மிச்சம். கற்றாழை நார். நாரோடு சேர்த்து முறுக்கியிருந்த பச்சைத் துணி. என் புடவை.

நர்சம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முதலில் கதவைச் சாத்தினாள்.

"உங்க மாமியாருகிட்டதான் கேக்கணும். சந்தை அன்னிக்கு நான் சாப்பிட உக்காந்த நேரம், வலி கண்ட ஆட்டை இழுத்துட்டு வந்து கட்டில்ல கட்டிட்டாவ. 'வெளிய போங்க பெரியம்மா, இது மனுசங்களுக்கு'ன்னு சொல்லுதேன், கேக்க மாட்டேங்காவ. குட்டி கால் மாறி நிக்கி. ஆடு நாக்கைத் தள்ளிட்டு என்னையே பாக்கு. நான் என்ன செய்ய? கையை வச்சிட்டேன். குட்டி பொழச்சிட்டு. தாய் பொழைக்கல." அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வெளிய சொல்லிராதம்மா. இந்த ரூமுல நான் பாத்த முதல் பிரசவம் ஆட்டுக்குன்னு தெரிஞ்சா என் வேலை போயிரும்."

நான் வெளியே சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. என் பிள்ளையின் அழுகையை ஊரே கேட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி அந்த வாரமே வலி வருவதற்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டாள். கீழ்த்தெருவிலிருந்து இன்னொருத்தியும் வந்து சேர்ந்தாள். இரண்டாவது நான்தான் என்று இரண்டு பேரும் சண்டை பிடித்துக்கொண்டார்கள். பிரசிடெண்டு என் வீட்டுக்காரருக்குத் துண்டு போர்த்தினார்.

நான் வீட்டுக்கு வந்த அன்று கொட்டகையில் ஒரு குட்டி நின்றது. செவலை நிறம், இரண்டு காதும் செவலை. மாமியார் அதற்குத் துணியை நனைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். பியூன் வீட்டில் விட்டிருந்ததை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாராம். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் அத்தை என்கிட்ட சொல்லலை?"

அவர் குட்டியின் வாயைத் துடைத்தார். "மாடு ஏறலை. ஆடு ஏறிச்சு. ஏறின ஆடு எறங்கலை. தாய வச்சிக்கினு குட்டிய மட்டும் உட்டுச்சு. இத்தச் சொல்லியிருந்தா நீ ஏறியிருப்பியா?"

ஏறியிருக்க மாட்டேன். செத்தாலும் ஏறியிருக்க மாட்டேன். வீட்டிலேயே கிடந்திருப்பேன், இந்தப் பிள்ளையும் அழாமல் போயிருக்கும். 

"உங்களுக்குப் பயமா இல்லியா? அது தாயத்தானே எடுத்துச்சு."

"பயம் இல்லாம? அதான் உன் கையை உடல. அது அந்தப் பக்கம் இழுத்தா நான் இந்தப் பக்கம் இழுக்கலாம்னு நின்னேன்."

அதைச் சொன்னது தமிழில்தான். சொல்லிவிட்டு, என் பால் போதவில்லை என்றால் ஆட்டுக்குட்டிக்கு வைத்திருப்பதில் பிள்ளைக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்று தெலுங்கில் திட்ட ஆரம்பித்தார்.

என் இடது மணிக்கட்டில் அவருடைய விரல்கள் பதிந்த இடம் நீலமாகக் கன்றியிருந்தது. வளையல்களைத் தள்ளிவிட்டு அதை அடிக்கடி பார்ப்பேன். முதலில் பச்சையாக மாறியது, பிறகு மஞ்சளாக. ஒருநாள் பார்த்தபோது இல்லை. எனக்கு அழுகை வந்தது.